கைப்பேசிப் படமும் பரிசு மேடையும்

கேகாலை மாவட்டத்திலே ருவான்வெல்லையைச் சூழவுள்ள இறப்பர்த் தோட்டங்களில் பொழுது புலரும்போதே வேலை தொடங்கிவிடுகின்றது. வெயில் ஏறுமுன்னர்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பது பால்வெட்டுவோர் அனைவரும் அறிந்த செய்தி. பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்தபின் எஞ்சும் பிற்பகற் பொழுதையும், கோவில் முற்றத்து இரவுகளையும் முற்காலத்து இளைஞர் கூத்துப் பழகுவதற்குப் பயன்படுத்தினர். இக்காலத்து இளைஞர் கையில் கைப்பேசி இருக்கின்றது. அதனைக் கொண்டு அவர்கள் படம் பிடிக்கின்றனர். திருவிழாவில் அடிக்கும் தப்பு, லயத்து வாசலில் கதை சொல்லும் முதியவள், மழைநாளில் ஒழுகும் கூரை, நண்பர் நால்வர் சேர்ந்து நடித்த நகைச்சுவைத் துண்டு ஆகிய எல்லாம் படமாகி, யூடியூப் முதலிய தளங்களில் ஏற்றப்பட்டு, உலகின் எம்மூலையில் உள்ளவரும் பார்க்கத் தக்கனவாகின்றன.

இவ்வாறு படம் பிடிப்போரிடையே, ஆண்டுக்கு ஒருமுறை விருது விழா நடத்தினால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே. ஒளிவிளக்கு, மேடை, உறையைப் பிரித்துப் பெயர் வாசித்தல், கைதட்டல், கேடயம் ஆகியவற்றைத் தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்த தலைமுறை அது. விருது விழா என்பது ஊதியம் பெறும் கலைஞர்க்கு ஏற்ற ஏற்பாடாக இருக்கலாம். ஊதியமின்றி விருப்பத்தினாற் படமெடுப்போர் கூட்டத்திற்கும் அது ஏற்றதுதானா என்பதே இங்கே ஆராயப்படுவது.

விருப்பத்தினாற் கலை பயில்வோரைத் தமிழிலே பயில்முறைக் கலைஞர் என்பர். இவ்வகைக் கலைஞர் தமிழர்க்குப் புதியவர் அல்லர். 1891 ஆம் ஆண்டில் சென்னையிலே தோன்றிய சுகுண விலாச சபையின் உறுப்பினர் கூலிக்கு நடித்தவர் அல்லர். பம்மல் சம்பந்த முதலியார் போன்ற கற்றோர் தமது தொழிலைப் பார்த்துக்கொண்டே நாடகமும் ஆடினர். பின்னாளில், 1959 இல், முதலியாருக்குப் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது உண்மையே. ஆயினும் சபை தொடங்கி 68 ஆண்டுகள் சென்றபின் வந்த பட்டத்தை எதிர்பார்த்து எவரும் நாடகம் ஆடியிருத்தல் இயலாது.

விருது என்னும் ஒரே சொல்லால் இன்று மூன்று வேறு பொருள்கள் குறிக்கப்படுகின்றன. முதலாவது, எண்ணிக்கைக்குக் கிடைக்கும் அடையாளம். யூடியூப் நிறுவனம் ஓர் அலைவரிசையில் ஓர் இலட்சம் பேர் சேர்ந்தால் வெள்ளிப் பலகையும், பத்து இலட்சம் பேர் சேர்ந்தால் தங்கப் பலகையும், ஒரு கோடி பேர் சேர்ந்தால் வைரப் பலகையும் அனுப்புகின்றது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் வயல் வரப்பிலே பெரிய பாத்திரங்களில் சமைத்துக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் குழுவினர் 2021 ஆம் ஆண்டில் அந்த ஒரு கோடியைத் தாண்டினர். தமிழ் அலைவரிசை ஒன்று அந்த அளவை எட்டியது அதுவே முதன்முறை. நாட்டுப்புறத்து மக்கள் தமது இயல்பான பேச்சோடு இத்துணைத் தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு அது சான்று. எனினும் அப்பலகை ஒரு தராசின் முள்ளைப் போன்றது. படம் நல்லதா என்று அது சொல்லாது, எத்தனை பேர் என்று மாத்திரம் சொல்லும்.

இரண்டாவது, வாக்கெடுப்பால் வரும் விருது. யூடியூப் தளத்தில் முதற்படம் ஏற்றப்பட்டது 2005 ஏப்ரலில். இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னரே, 2007 மார்ச்சில், முந்திய ஆண்டின் சிறந்த படங்களுக்கு அந்நிறுவனம் விருது அறிவித்தது. நிறுவனத்தார் சில படங்களைத் தெரிந்து முன்வைக்க, பார்ப்போர் வாக்களித்தனர். ‘மிகுந்த கற்பனை’ என்னும் பிரிவில் வென்றது ‘ஓகே கோ’ என்னும் இசைக்குழு, ஓடுபொறிகளின் மேல் ஆடிய ஆட்டம். ஆட்டம் அருமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்குழு ஏற்கெனவே இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தக் கலைஞர். அடுக்களையிலும் படுக்கையறையிலும் தனியே படம் பிடித்தவரும் அவர்களும் ஒரே பந்தியில் இருத்தப்பட்டனர். அவ்விருது 2008 இல் இன்னொரு முறை வழங்கப்பட்டது. அதன்பின் அது தொடரவில்லை.

வாக்கெடுப்பு ஓர் அரசின் பெயரால் நடந்த நிகழ்ச்சியும் உண்டு. 2024 மார்ச் 8 ஆம் நாள் புதுதில்லியில், இணையத்திற்குப் படைப்போருக்கான தேசிய விருதுகளை இந்தியப் பிரதமர் வழங்கினார். 20 பிரிவுகளுக்கு ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட முன்மொழிவுகள் வந்தன. ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்குகள் பதிவாயின. வெற்றி பெற்றோர் 23 பேர். சிறந்த கதைசொல்லிக்கான விருது, வரலாற்றைத் தமிழிலே கதையாகக் கூறிவரும் கீர்த்திகா கோவிந்தசாமிக்குக் கிடைத்தது. தமிழிற் பேசும் படைப்பாளி ஒருவர் இந்தி மிகுந்த அம்மன்றத்தில் மேடையேறியது சிறிய செய்தியன்று. தமிழிற் பேசினால் எடுபடாது என்று தயங்கும் பிள்ளைகள் பலர்க்கு அது தெம்பளித்திருக்கும். விருது விழாவினால் நன்மையே இல்லை என்று சாதிப்பவர் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

ஆயினும் வாக்கெடுப்பு ருவான்வெல்லைத் தோட்டத்து இளைஞனுக்கு எவ்வாறு பயன்படும்? இலங்கையின் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்ட மலையகத்தாரும் உளராதலின் உண்மைத் தொகை இதனினும் கூடியதாகலாம். ஓராண்டு முன்னர், 2011 இல், தமிழ்நாட்டின் மக்கட்டொகை 7 கோடி 21 இலட்சம். தலைகளை எண்ணித் தீர்ப்புக் கூறும் எந்தத் தமிழ்ப் போட்டியிலும் இவ்விரு தொகைகளும் எதிரெதிர் நின்றால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதாகும். தொகைதான் போகட்டும், அலைத்தொடர்பும் ஒன்றுபோல் இல்லை. 2021 இல், கொள்ளைநோய்க் காலத்தில், ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவையில் பாடம் கேட்பதற்கும் நடத்துவதற்கும் மாணவரும் ஆசிரியரும் காட்டுவழியே நடந்து உயரமான பாறையில் ஏறியதை உலகச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. பாடத்துக்கே பாறை ஏற வேண்டிய இடத்தில், வாக்களிப்பதற்கு எவர் ஏறுவார்?

மூன்றாவது, நடுவர் தெரியும் விருது. இது முன்னிரண்டினும் மேலானது; ஆனால் நடுவர் யார் என்பதைப் பொறுத்தது. மலையகம் என்றதும் வெளியுலகத்தார் கண்ணில் தோன்றுவது பச்சைத் தேயிலைச் சரிவும் முதுகிலே கூடை சுமந்த பெண்ணும். நாட்காட்டிகள் அச்சித்திரத்தையே நெடுங்காலமாக அச்சிட்டு வந்துள்ளன. சப்பிரகமுவாவின் தாழ்நிலத் தோட்டங்களோ பெரும்பாலும் வேறு உலகம். 1876 ஆம் ஆண்டிலே ஹெனரத்கொடையில் நடப்பட்ட கன்றுகளின் வழிவந்த இறப்பர் மரமே இங்கு சோறு போடுவது. கூடைக்குப் பதில் வாளி. பனிக்குப் பதில் புழுக்கம். நீண்ட தமிழ் நகரங்களுக்குப் பதில், சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடக்கும் சிறு சிறு லயங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிட்டை என்னும் பெயர்களைக் கேட்டு, அங்கெல்லாம் தமிழர் உளரா என வினவுவோர் இன்றும் உண்டு. தொலைவிலிருந்து வரும் நடுவர் தாம் எதிர்பார்த்த மலையகத்தைத் தேடுவார். பால்வெட்டுக் கத்தியின் ஒலி அவர் செவியில் விழாது. இரண்டாம் ஆண்டில் என்ன நடக்கும்? படமெடுப்பவன் பேருந்து ஏறித் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று கூடைக்காரியைப் படம் பிடித்து வருவான். பரிசின் பெரிய தீமை தோற்றவனை வருத்துவதன்று. வருத்தம் ஒரு வாரத்தில் ஆறும். எதைப் படம் பிடிப்பது என்பதையே பரிசு தீர்மானிக்கத் தொடங்கிவிடுகின்றதே, அதுதான் தீமை.

தோட்டத்து மக்களின் பழைய கலைகள் இதனை எவ்வாறு கையாண்டன என்று நோக்குவது தகும். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்திலே ரதி வேடமும் மன்மதன் வேடமும் பூணுவோர் பெரும்பாலும் நேர்த்திக் கடனாகப் பூணுவோர். பகலிலே பால் வெட்டியவனே இரவிலே மன்மதன். அவனுக்குச் சிறந்த நடிகன் என்று கேடயம் கொடுப்பதைக் கற்பனை செய்து பார்த்தால் சிரிப்பே வரும். ரதிக்கு இரண்டாம் பரிசு என்றால் சண்டையும் வரும். ஆடியவர், பாடியவர், தப்படித்தவர், கம்பத்தைக் காவல் காத்தவர் எல்லோரும் சேர்ந்தே அக்கூத்து. அதற்காகப் போட்டியே இல்லாத உலகம் அது என்று மயங்குதலும் வேண்டா. பக்கத்துத் தோட்டத்துக் கூத்தைவிட நமது கூத்துச் சோடை போகக்கூடாது என்னும் வீம்பு மாஸ்டர்மாருக்கு நிரம்ப உண்டு. தஞ்சைத் தரணியிலோ காமன் பண்டிகையை ஒட்டி லாவணி பாடுவோர், மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என ஒரு கட்சியுமாகப் பிரிந்து விடியும்வரை வாதிடுவர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று அவற்றிற்குப் பெயர். தலைமுறை தலைமுறையாகப் பாடியும் அவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. தீர்ந்துவிட்டால் மறுஆண்டு பாட்டு ஏது? போட்டி அங்கே பாட்டை வளர்க்கும் வழியாக இருந்ததேயன்றி, ஒருவரை உயர்த்தி மற்றவரை வீட்டுக்கு அனுப்பும் வழியாக இருந்ததில்லை.

மலையக மக்களிடையே பரிசுப் போட்டி உண்மையாகவே பெரும்பயன் விளைத்த காலமும் ஒன்று உண்டு. 1960 களில் வீரகேசரி நாளிதழும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் சேர்ந்து மலைநாட்டாருக்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்தின. வீரகேசரியிற் பணியாற்றிய எஸ். எம். கார்மேகம் அம்முயற்சியில் முன்னின்றவர். அக்காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கதை எழுதுவான் என்பதைப் பலர் நம்பவே இல்லை. எழுதியவனும் அதைப் பிறரிடம் காட்ட நாணினான். போட்டியோ ‘உங்கள் லயத்தை எழுதுங்கள்’ என்று அவனை அழைத்தது. பரிசு பெற்ற கதைகள் நாளிதழில் வெளிவந்தன. 1971 இல் அவை ‘கதைக்கனிகள்’ என்னும் நூலாகவும் தொகுக்கப்பட்டன. அப்போட்டிகளிற் பரிசு பெற்றோருள் ஒருவரான தெளிவத்தை ஜோசப் தொடர்ந்து எழுதி, மலையக இலக்கியத்தின் பெரும்பெயர்களுள் ஒருவராகி, 2013 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருதும் பெற்றார்.

அப்போட்டி நன்மை செய்ததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உண்டு. நடத்தியவர்களுள் மலைநாட்டு எழுத்தாளர்களே இருந்தமையால் அளவுகோல் வெளியிலிருந்து வரவில்லை. மலைநாட்டார் மலைநாட்டாரோடு மட்டுமே போட்டியிட்டனர். எல்லாவற்றிற்கும் மேலாக, முடிவிலே எஞ்சியது நூல். பரிசுத்தொகை செலவாகிவிட்டது, மேடையில் எவர் எவருக்கு மாலை இட்டார் என்பதை இன்று எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை, கதைகளை இன்றும் படிக்கலாம். இன்றைய விருது விழாக்கள் பலவற்றில் இது தலைகீழாகின்றது. விழாவின் ஒளிப்பதிவு தளத்தில் கிடக்கின்றது. வென்ற படம் எது என்று தேடினால் கிடைப்பதில்லை.

மேல்நாட்டாரிடத்தும் பயன்தரும் முன்மாதிரி ஒன்று உண்டு. 16 மில்லிமீற்றர்ப் படச்சுருள் 1923 இல் விற்பனைக்கு வந்தபின், தொழிலாக அன்றி விருப்பத்தினாற் படம் பிடிப்போர் அமெரிக்காவிற் பெருகினர். ஹிராம் பெர்சி மாக்சிம் என்னும் பொறியியலாளர் 1926 இல் நியூயோர்க்கில் அவர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார். அச்சங்கத்தின் இதழான ‘மூவி மேக்கர்ஸ்’ 1930 முதல் ஆண்டுதோறும் பத்து நல்ல படங்களைத் தெரிந்து வெளியிட்டது. தெரிந்த ஒவ்வொரு படத்தைப் பற்றியும், அதில் எது நன்றாக அமைந்தது, எவ்வாறு அமைந்தது என்று இதழாசிரியர் ஒரு பத்தி எழுதினர். தொலைதூரத்துச் சிற்றூரிலே தனியே படமெடுத்துக்கொண்டிருந்தவன் அப்பத்தியைப் படித்து, வெளிச்சத்தை எப்படிப் பிடிப்பது, துண்டுகளை எப்படி ஒட்டுவது என்று கற்றான். மாக்சிம் 1936 இல் மறைந்தபின், அவர் பெயரால் ஒரே ஒரு படத்திற்குத் தனிப்பரிசு கொடுக்கும் வழக்கமும் சேர்ந்தது. பத்துப் பேருக்குரிய புகழில் ஒருவர் தலை உயர்வது அதனோடு தொடங்கியது எனலாம். பரிசு சிறிதாகவும் விளக்கம் பெரிதாகவும் இருந்தவரை அது ஒரு பள்ளிக்கூடம்.

அதே அமெரிக்காவில், எந்தப் பரிசுக்கும் அனுப்பப்படாத ஒரு படத்தின் கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வழிவந்தோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரை அரசாங்கம் வீடுவாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் வணிகம் செய்த டேவ் தட்சுனோ என்பவர் தம் குடும்பத்தோடு யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் இருந்த டோபாஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர்கள் படப்பெட்டி வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. முகாமில் அவருக்கு மேலாளராயிருந்த ஒருவரின் உதவியால் தமது 8 மில்லிமீற்றர்ப் பெட்டியை அவர் உள்ளே வருவித்து, மறைவாகப் படம் பிடித்தார். அவர் பிடித்தவை யாவை? பனி பெய்த வரிசை வீடுகள், புத்தாண்டுக்கு அரிசிமா இடிப்போர், பிள்ளைகள், அண்டை அயலார். கதை இல்லை, ஒலியில்லை, கைநடுக்கமும் உண்டு. எந்த நடுவர் அதற்கு மதிப்பெண் இட்டிருப்பார்? 1996 ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டின் பாதுகாக்கத் தக்க திரைப்படங்களின் பட்டியலில், புகழ்பெற்ற ஹாலிவுட் படங்களின் அருகே ‘டோபாஸ்’ சேர்க்கப்பட்டது. அவ்வரிசை வீடுகள் எவ்வாறு இருந்தன, அவற்றிலே மக்கள் எவ்வாறு சிரித்தனர் என்பதை உள்ளேயிருந்து காட்டும் சான்று வேறு அரிது.

லயங்களும் வரிசை வீடுகளே. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, 2023 ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றனர். அந்த 200 ஆண்டுகளிற் பெரும்பகுதிக்குப் படச்சான்று என்று இருப்பவை, தோட்டத்துரைமார் எடுப்பித்தவையும் வந்துபோன பயணிகள் எடுத்தவையுமே. லயத்தின் உள்ளிருந்து லயத்தை நோக்கிய கண் மிக அரிது. இப்போது அது வந்திருக்கின்றது; ஒவ்வொரு கைப்பேசியிலும் வந்திருக்கின்றது. பால்வெட்டுக்கு ஆள் குறைந்து, பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் தையற்சாலைகளுக்கும் வேலைதேடிப் போகும் இக்காலத்தில், இன்று படம் பிடிக்கப்படாத கூத்து மாஸ்டர் நாளை இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. தெளிவாகப் பிடிக்கப்பட்டதா, வெட்டி ஒட்டியது நயமாக இருக்கின்றதா என்பன பிறகு பார்க்கலாம். இந்நிலையிலே ‘முதற்பரிசு யாருக்கு’ என்பது பிழையான கேள்வியாகும்.

ஆதலின் ருவான்வெல்லை போன்ற ஊர்களின் படமெடுப்போர் கூட்டத்திற்கு, தொலைக்காட்சியைப் பார்த்து அமைத்த விருது விழா பொருந்தாது. பொருந்துவது பார்வை இரவு. பாடசாலை மண்டபத்திலோ கோவில் முற்றத்திலோ ஒரு வெள்ளைத் துணி கட்டி, ஆண்டிலே எடுக்கப்பட்டவற்றுள் பத்துப் படங்களைக் காட்டலாம். பத்துக்குள் வரிசை வேண்டா. படமெடுத்தவன் எழுந்து நின்று, எப்படி எடுத்தான் என்று சொல்லலாம். படத்திலே உள்ளவர்களும் அவையில் இருப்பர், அவர்களும் சொல்லலாம். ‘அந்தத் தாளம் பிழை, தப்பை அப்படிப் பிடிக்கக்கூடாது’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் கூறுவாராயின், அதைவிட மேலான நடுவர் தீர்ப்பு தில்லியிலும் கிடைக்காது. அயலிலுள்ள சிங்களக் கிராமத்து இளைஞரும் படம் எடுப்பவரே. அவர்களையும் அழைத்தல் முறை. பெண்பிள்ளைகள் எடுத்த படங்கள் பத்தில் எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பதும் நன்று. மேடைக்கும் கேடயத்துக்கும் பின்வாங்கும் பிள்ளை, பெயர் சொல்லாது படம் மட்டும் காட்டச் சம்மதிக்கக்கூடும். பரிசு கொடுத்தே தீரவேண்டும் என்னும் கொடையாளர் இருப்பின், அப்பணத்திற்கு ஒலிவாங்கி ஒன்று வாங்கி, படமெடுப்போர் முறைவைத்துப் பயன்படுத்த விடலாம். தோட்டத்துக் காணொளிகளில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஒளியன்று, ஒலியே.

காட்டப்பட்ட பத்தின் படியும், காட்டப்படாதவற்றின் படியும் ஓரிடத்திற் சேரவேண்டும். தளத்திலே ஏற்றிவிட்டோம், அங்கே கிடக்கும் என்று இருத்தல் தகாது. கணக்கு முடக்கப்பட்டால், கடவுச்சொல் மறந்தால், கம்பனி தன் விதியை மாற்றினால், படம் போய்விடும். ஒரு கணினி வன்தட்டில் ஒரு படியைப் பாடசாலை நூலகத்திலும், இன்னொன்றை வேறோர் ஊரிலும் வைத்தல் பெருஞ்செலவன்று. ஒவ்வொரு படத்தோடும் தோட்டத்தின் பெயர், பிரிவு, எடுத்த நாள், படத்தில் உள்ளோரின் பெயர் ஆகியவற்றை அவர்தம் இசைவோடு ஒரு தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும். காமன் கூத்தாயின், பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் யாரிடம் பயின்றார் என்பதையும் கேட்டு எழுதுதல் நலம். அவர் தந்தையிடம் என்பார், அத்தந்தை எத்தோட்டத்திலிருந்து வந்தவர் என்று மீண்டும் கேட்கலாம்.